சபாஷ் போடாத மென்பொருள்

ஒரு குளக்கரையில் இரண்டு பனைமரங்கள் நின்றன. ஒன்றின் ஓலையில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தது. சாக்குத் தைக்கும் ஊசி போல அலகு கூர்மை என்பதால் அதை எல்லோரும் கோணூசி என்றே கூப்பிட்டார்கள். மற்றது தலை போன மொட்டைப் பனை. அதன் பொந்தில் பவளவாய் என்ற கிளி குடியிருந்தது. இரண்டு வீட்டிலும் முட்டைகள் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் ஒரே எமன், சாரைப்பாம்பு.

போன தடவை ஒரு முட்டையைக்கூட அது விட்டுவைக்கவில்லை. இப்போது சட்டை உரிக்கப் புதருக்குள் போயிருந்தது. வெளியே வந்தால் அகோரப் பசியோடுதான் வரும்!

"இந்தத் தடவை விடமாட்டேன்!" என்றது கோணூசி. "பாம்பு மரத்துல ஏறினா ஆலைச் சங்கு ஊதுற மாதிரி ஒரு கருவி செய்யப்போறேன்."

"எனக்கும் ஒண்ணு!" என்றது கிளி.

ஒரு பேட்டரி, ஒரு சங்கு, பாம்பு ஏறினால் அமுங்கும் ஒரு பொத்தான், நடுவில் ஒரு சின்ன ஐ.சி. சில்லு. இவ்வளவுதான் கருவி. ஆனால் வெறும் கம்பியால் கட்டினால் பனை ஆடுகிற ஆட்டத்தில் பிய்ந்துவிடும். செம்புத் தடம் போட்ட சர்க்யூட் பலகைதான் தாங்கும். முசுறு எறும்புகள் செம்புத் தகட்டில் அமிலத்தைப் பீச்சி, பலகையை அரித்துக் கொடுக்கும். கொடுத்த படத்தை அப்படியே அரிக்கும். சரியா தப்பா என்று ஒரு வார்த்தை கேட்காது.

அதனால் படம் சரியாக இருக்க வேண்டும். படம் வரைய மென்பொருள் வேண்டும். மென்பொருள் யாரிடம் இருந்தது? வேறு யாரிடம், நரியிடம்தான்!

"வாங்க, வாங்க! இதுக்குப் பேரு தோகை," என்று நரி கணினியைத் திறந்தது. திரையில் ஏழு நிறமும் மின்னியது. வரைந்த பலகையை நிஜப் பலகை போலவே சுற்றிச் சுற்றிக் காட்டியது. "அந்த மூலையில கிடக்கிற இன்னொரு மென்பொருள் முள். கறுப்பு வெள்ளைதான். அதை யாரும் சீண்டுறதில்லை."

கோணூசி ஒரு குறும்பு செய்தது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே கோட்டால் இணைத்து, இரண்டு மென்பொருளிலும் வரைந்து பார்த்தது.

"சபாஷ்! பிரமாதம்!" என்றது தோகை.

"தப்பு! பேட்டரி புகையும்!" என்று சிவப்பில் கத்தியது முள்.

"எனக்கு முள் போதும்," என்றது கோணூசி.

கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "மதிக்கிறதை விட்டுட்டு, வையுறதைப் போய் எடுக்கிறியே! தோகை எனக்குத்தான்!"

கோணூசி மணலில் சர்க்யூட்டை வரைந்தது. கிளி ஒரு கோடு விடாமல் அதைப் பார்த்துத் தோகையில் வரைந்தது. பார்த்துச் செய்வதும் கேட்டுச் சொல்வதும்தானே கிளிக்குக் கைவந்த கலை! "சபாஷ்! பிரமாதம்!" என்றது தோகை. "சபாஷ்! பிரமாதம்!" என்று கிளியும் குளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போய், படத்தை எறும்புகளிடம் கொடுத்துவிட்டது.

கோணூசி அதே படத்தை முள்ளில் வரைந்தது. "தப்பு! தப்பு! தப்பு!" என்றது முள்.

கோணூசிக்கு ரத்தம் கொதித்தது. "நான் கூடு கட்டினா ஊரே நின்னு பார்க்கும். எனக்கே தப்பா?"

கோபத்தோடுதான் சிவப்புக் குறிகளைப் பார்த்தது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டது. சர்க்யூட் படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி வைத்தால், இரண்டும் சேர்ந்துவிட்டன என்று பொருள். கோணூசியோ குறுக்கே போன இடத்திலெல்லாம் புள்ளி வைத்திருந்தது. கூடு பின்னும்போது நாரும் நாரும் குறுக்கிட்டால் முடிச்சுப் போடுகிற பழக்கம், படத்திலும் வந்துவிட்டது! வேண்டாத புள்ளிகளை எடுத்ததும் முள் வாயை மூடிக்கொண்டது. ஒரு சபாஷ்கூடப் போடவில்லை.

கோணூசி கிளியிடம் பறந்தது. "அக்கா, அந்தப் படம் தப்பு! நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன். புள்ளியை எடுத்துட்டு வேற பலகை வாங்கு!"

"என்னுது சபாஷ் வாங்கின படம். உன்னுது திட்டு வாங்கின படம். யாரு யாருக்குச் சொல்றது!" என்றது கிளி.

இரண்டு பலகைகளும் வந்தன. இரண்டு மரங்களிலும் கருவி ஏறியது. ஒரு நண்பகலில் சாரைப்பாம்பும் வந்தது. முதலில் மொட்டைப் பனையில்தான் ஏறியது.

"ஏறு, ஏறு! இப்ப பாரு வேடிக்கையை!" என்றது கிளி.

பொத்தான் அமுங்கியது. புஸ்ஸென்று புகை வந்தது. சங்கு ஊதவில்லை.

"ஐயோ, என் முட்டை!" என்று கிளி அலறியது. பாம்பின் தலை பொந்துக்குள் நுழைந்தது. கிளி கொத்தியும் அது அசையவில்லை.

கோணூசி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் மரத்தில் இருந்த பொத்தான்மேல், சிறகை ஒடுக்கிக்கொண்டு கல்லாக விழுந்தது.

பூ...ம்!

குளம் அதிர்ந்தது. கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. பாம்பு வெலவெலத்துப் பிடியை விட்டு, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த பிறகும் சங்கு ஓயவில்லை. மறுகரை ஏறி ஓடிய பாம்பு, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை!

முட்டைகள் எல்லாம் பொரிந்து குஞ்சுகள் வந்தன. குளக்கரையே கூடிக் கொண்டாடியது. அப்போது நரி ஓடி வந்து, "பவளவாய்! தோகையில இன்னும் ரெண்டு நிறம் சேர்த்திருக்கேன், வர்றியா?" என்றது.

"சபாஷ் கேட்டு என் காது நிறைஞ்சுபோச்சு, நரியாரே!" என்றது கிளி. "என்னைத் திட்டுமே, அந்த முள்ளைக் கொடும்!"

நம்மைப் புகழ்கிற துணையைவிட, நம் தவற்றை முகத்துக்கு நேரே சொல்கிற துணையே ஆபத்தில் நம்மைக் காப்பாற்றும்.