வாலை நீட்டிய தூக்கணாங்குருவி

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. மழைக்காலம் தொடங்கிவிட்டது. புல் பச்சையாக, பின்னுவதற்கு வாகாக இருந்தது.

அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் பின்னும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து, நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் போய்விடும். நாலு கூடுகளைப் பார்த்தபின் பிடித்த கூட்டுக்குத் திரும்பி வரும். அதற்குப் பிறகே மீதிக் கூடு எழும். வீடு கட்டும் மனிதர்கள்கூட இவ்வளவு நிதானம் காட்டுவதில்லை.

பொற்றலையன் என்ற ஆண் குருவிக்கு அது முதல் பருவம். அவன் பாதிக் கூட்டை முடித்த அன்று மென்சிறகி என்ற பெண் குருவி வந்தாள். உள்ளே போனாள். நாரை வெடுக்கென்று இழுத்தாள். வெளியே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். பறந்துவிட்டாள்.

வழக்கம் பொற்றலையனுக்கும் தெரியும். இருந்தாலும் அவள் பார்வை தன் வாலில் சற்றே நின்றதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. தூக்கணாங்குருவிக்கு வால் குட்டைதான். எல்லாத் தூக்கணாங்குருவிக்கும் அப்படித்தான். ஆனால் கவலைப்படுகிறவனுக்கு அடுத்தவன் வால் எப்போதும் ஒரு விரற்கடை கூடுதலாகவே தெரியும்.

"என் வால் மட்டும் ஏன் இப்படி?" என்று முனகினான்.

பக்கத்துக் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் நெடுவாலன் தலையை ஆட்டினான். "கவலையை விடு, தம்பி! என்னைப் பார். உடம்பு ஒரு பங்கு, வால் இரண்டு பங்கு! எல்லாம் பயிற்சி!"

"பயிற்சியா? ஓணான்களுக்குப் பிறவியிலேயே நீளம் என்பார்களே, ஐயா?"

"பிறவியாவது, மண்ணாங்கட்டியாவது! தினமும் எனக்கு ஒரு வெட்டுக்கிளி கொண்டு வா. ரகசியத்தைச் சொல்கிறேன்."

வெட்டுக்கிளி போய்ச் சேர்ந்தது. ரகசியமும் வந்தது. ஈரமண்ணை உருட்டி, நாரால் வாலில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு முன்பக்கமாக எம்ப வேண்டும். அவ்வளவுதான்!

கூட்டின் உட்சுவரில் அப்புவதற்கு வைத்திருந்த மண் வாலுக்குப் போயிற்று. புதிய நாருக்கு வயல்வரை பறக்க வேண்டும். அதற்கு நேரம் ஏது? கூட்டிலிருந்தே உருவிக்கொண்டான்.

"அடேய், வாலில் என்னடா மணி கட்டியிருக்கிறாய்? திருவிழாவா?" என்று பக்கத்துக் கூட்டுக் குருவி கத்தினான்.

"சிரி, சிரி! கடைசியில் பார்க்கலாம்!" என்றான் பொற்றலையன். வலியில் கண்ணில் நீர் நின்றது.

சில நாள் கழித்து ஓலைக்கீற்றை வைத்து அளந்தான். ஒரு நெல்மணி அளவு நீண்டிருந்தது! கிளைக்குக் கிளை தாவிக் கூத்தாடினான். இறகு வளரவில்லை, வேரிலிருந்து கொஞ்சம் நழுவி நின்றது. அது அவனுக்குத் தெரியாது.

பிறகு அடைமழை பிடித்தது. பயிற்சி நின்றது. மழை விட்டதும் அளந்தான். பழைய அளவு!

"ஐயா, போய்விட்டதே!"

"பயிற்சியை விட்டால் போகத்தானே செய்யும்!"

"எவ்வளவு காலம் விடாமல் செய்ய வேண்டும்?"

"உயிர் உள்ளவரை!" என்றான் நெடுவாலன், வெட்டுக்கிளியை மென்றபடி.

"அப்படியானால் கூடு எப்போது பின்னுவது?"

"கூட்டை எந்தக் குருவியும் பின்னும்! நீட்டிய வால் எத்தனை பேரிடம் இருக்கிறது?"

பொற்றலையன் முன்னைவிடப் பெரிய மண்ணுருண்டையைக் கட்டிக்கொண்டான்.

ஒருநாள் காலையில் மென்சிறகி திரும்பி வந்தாள். நேராகக் கூட்டுக்குப் போய்க் கால் வைத்தாள். கால் பின்னலுக்குள் இறங்கிவிட்டது.

"ஐயோ, இந்தக் கூட்டுக்கு என்ன ஆயிற்று?"

"அதை விடுங்கள்! இதைப் பாருங்கள்!" என்று அவன் திரும்பி நின்றான்.

"எதை?"

"வாலை! நீண்டிருக்கிறதே!"

அவள் நன்றாகப் பார்த்தாள். "அப்படியா? முன்பு எப்படி இருந்தது?"

பொற்றலையன் வாலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அன்றைக்கு நான் நாரை இழுத்தபோது கூடு அசையவே இல்லை," என்றாள் மென்சிறகி. "இதில்தான் முட்டையிட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். மற்றக் கூடுகளையும் பார்ப்பது முறை என்றுதான் போனேன்."

"பின்னிவிடுகிறேன்! இன்றைக்கே தொடங்குகிறேன்! கொஞ்சம் பொறுங்கள்!"

"நான் பொறுப்பேன். வயிற்றில் இருக்கும் முட்டை பொறுக்குமா?" அவள் குரலிலும் வருத்தம் இருந்தது. பக்கத்துக் குருவியின் கூட்டுக்குப் பறந்துவிட்டாள்.

பொற்றலையன் அன்றே பின்னத் தொடங்கினான். அருமையான பின்னல். ஆனால் மழை குறைந்துவிட்டது. புல் பழுத்து, அலகு பட்டதும் ஒடிந்தது. பக்கத்துக் கூட்டில் குஞ்சுகள் கத்தத் தொடங்கியபோது அவன் கூடு இன்னும் பாதியில் நின்றது. அவன் வாலும் பழைய அளவிலேயே இருந்தது. அதை இப்போது யாரும் அளக்கவில்லை, அவன் உட்பட.

இழுத்து நீட்டியது இழுப்பை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதற்காகச் செலவிட்ட பருவம் ஒருபோதும் திரும்பாது.