இடது கைக்கு வேற வேலை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, அவளுக்கு ரெண்டு கை. சிரிக்காதே நிம்மி, கதையே அந்தக் கையிலதான் இருக்கு. அத்தை சொல்லச் சொல்ல நீ கண்ணை மூடிக்கிட்டு "ம்" கொட்டணும். ஆங், அப்படி.

அந்தப் பொண்ணுக்குப் பியானோன்னா உசிரு. ஸ்கூல்ல ஒண்ணு இருந்துச்சு, டீச்சர் வாசிக்கிறப்போ ஜன்னல்ல நின்னு கேப்பா, தொட விடமாட்டாங்க. வீட்டுல இருந்தது அப்பாவோட ஆர்மோனியப் பெட்டி. ரெண்டுலயும் கருப்புக் கட்டை வெள்ளைக் கட்டைதானே, இதுல பழகினா அது தானா வந்துடும்னு நினைச்சுட்டா, மக்கு. அப்புறம் வலது கை கட்டையில டிங் டிங்னு ஓடும், இடது கை பெட்டிக்குப் பின்னால துருத்தியை புஸ்ஸு புஸ்ஸுன்னு தள்ளி காத்தடிக்கும். இப்படியே ஏழு வருஷம். கேக்குறியா?

"ம்."

அப்போ பட்டணத்துல பியானோ காலேஜ்ல சேர வாசிச்சுக் காட்டணும். மூணு தடவைக்கு மேல விடமாட்டாங்க. மொதல் வருஷம் போனா. வலது கை சரியாத்தான் போச்சு, இடது கை நேரா துருத்தியைத் தேடிப் போய் வெறும் காத்துல ஆடிக்கிட்டு நின்னுச்சு.

ரெண்டாவது வருஷம், சாப்பாட்டு மேசையில சாக்பீஸால கட்டை வரைஞ்சு இடது கையைப் பழக்கினா. மேசை சத்தம் போடாதுல்ல? அங்க போய் நிஜக் கட்டை 'டொம்'முன்னதும் கை பயந்துபோய் மடியில ஒளிஞ்சுக்கிச்சு.

மூணாவது வருஷம் ரெண்டு கையும் ஒழுங்கா ஓடுச்சு, கடைசிப் பக்கம் வரைக்கும். அங்க மெதுவா ஒரு இடம் வரும், அவளுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சொக்கிப்போய் கண்ணை மூடினா. மூடினாளோ இல்லையோ, இடது கை கிளம்பிடுச்சு, புஸ்ஸு புஸ்ஸு.

பரீட்சை வச்ச அம்மா திட்டல. "இந்தக் கைக்கு வேற வேலை பழகிப்போச்சும்மா"ன்னாங்க. அவ்வளவுதான்.

ரயில்ல அழுதுக்கிட்டே வந்தா. எதிர் சீட்ல ஒரு நாடகக் கம்பெனி தபலாக்காரர், மாசிலாமணின்னு பேரு. என்னன்னு கேட்டார், சொன்னா. அவருக்கும் சின்ன வயசுல பியானோ ஆசையாம். வீட்டுல இருந்தது சோத்துப் பானைதானாம், அதைத் தட்டித் தட்டியே தபலாவுக்கு வந்துட்டாராம்.

"அந்த வருத்தம் போயிடுச்சாண்ணே?"

"போகலம்மா. அது பாட்டுக்கு இருக்கும், நாம பாட்டுக்கு வாசிக்க வேண்டியதுதான்."

அப்புறம் அந்தக் கம்பெனியிலயே ஆர்மோனியம் வாசிக்கப் போயிட்டா. முப்பத்தஞ்சு வருஷம். ஊர் ஊரா கை தட்டினாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா எங்கயாவது பியானோ சத்தம் கேட்டா வலது கை சும்மா இருக்கும், இடது கைதான் இப்போ கட்டையைத் தேடும். எனக்கு... அவளுக்கு அங்கேருந்து நகரவே மனசு வராது. வருத்தம்தான் கண்ணு, அதை எதுக்கு மறைக்கணும்?

"அத்தை... அந்த இடது கை இப்போ எங்க?"

உன் முதுகுல தட்டிக்கிட்டு இருக்கு. புஸ்ஸு... புஸ்ஸு... பாரு, அந்தத் தாளத்துக்கே உனக்கு மூச்சு ஏறி இறங்குது.

எங்க, "ம்" காணோம்?

சரி. துருத்தியை மூடியாச்சு, கதையை மூடியாச்சு, நீயும் கண்ணை மூடிட்ட. தூங்கு.