பின்னால் வரும் காலடி

“ஒன்பது மாசம் ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு நான் உங்க முதுகையே பார்த்துக்கிட்டு நடக்கணும்?” என்றார் அறவாழி.

மாரிக்கண்ணு தன் கேன்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏன், முதுகு நல்லா இல்லையா?”

“நான் விளையாட்டுக்குப் பேசல.”

“நானும்தான். ஒன்பது மாசத்துல இந்த முதுகு ஒரு தடவையாவது உங்களைத் திரும்பிப் பார்த்துச்சா?”

யோசித்தார் அறவாழி. இல்லை.

கூனிமலை தேசியப் பூங்காவில் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய பாதைகள் நான்கு. அவற்றில் கடினமானது உச்சிப் பாதை. ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். காலை ஆறு மணிக்குக் கேட் திறப்பார்கள். மாலை நாலரைக்குள் கீழே வந்துவிட வேண்டும்.

மாரிக்கண்ணு அந்தப் பாதையில் பதினான்கு வருடமாக வழிகாட்டி. வயது முப்பத்தி நான்கு.

அறவாழிக்கு நாற்பத்தி ஒன்பது. இருபது வருடம் வெளிநாட்டில் இருந்தவர். சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குகளிலும் பனி உருகும் சரிவுகளிலும் நடந்தவர். திரும்பி வந்தபோது இரண்டு ஊன்றுகோல்களும், இதயத் துடிப்பைச் சொல்லும் கைக்கடிகாரமும், இனி மலையில்தான் வேலை என்ற முடிவும் கொண்டு வந்தார்.

அந்தப் பூங்காவில் ஒரு விதி இருந்தது. ஐம்பது வயது முடிந்தவருக்குப் புதிதாக வழிகாட்டி அட்டை கிடையாது. ஐம்பதுக்குள் வாங்க வேண்டுமென்றால், பழைய வழிகாட்டி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“எனக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு, ஆசானே.”

“ஆசான் கீசான்னு கூப்பிடாதீங்க. பதினஞ்சு வயசு சின்னவ நான்.”

“அப்ப கையெழுத்து?”

மாரிக்கண்ணு எழுந்து நின்று காலை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். ஷூ சரியாக இருந்தது.

“நடங்க. ஆளுங்க காத்திருக்காங்க.”



அந்தப் பாதையின் வழிகாட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் நடப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

முதல் மாதத்தில் அறவாழி இதைக் கேட்டிருக்கிறார்.

“பின்னால வர்றவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்க வேண்டாமா?”

“பார்த்தா என்ன தெரியும்?”

“களைச்சிருக்காங்களா இல்லையான்னு தெரியும்.”

“தெரியாது அண்ணே. நாம திரும்பினதும் நிமிர்ந்துக்குவாங்க. கட்டை விரலைக் காட்டிச் சிரிப்பாங்க. கண்ணுக்கு முன்னால எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்புறம் எப்படி?”

மாரிக்கண்ணு காதைத் தொட்டுக் காட்டினார்.

அந்த முதல் மாதத்தில், அதே நாளில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டாவது ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் மாரிக்கண்ணு சட்டென்று நின்றார். திரும்பாமலே சொன்னார்.

“எல்லாரும் நில்லுங்க. அஞ்சாவதா வர்ற சார், உடனே உட்காருங்க.”

கடைசியில் வந்த அறவாழி அந்த ஐந்தாவது ஆளைப் பார்த்தார். வங்கி அதிகாரி. வாட்டசாட்டமான ஆள். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்” என்றார்.

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். அடுத்த நொடி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

நின்ற இடம் ஓர் ஆள் அகலம்தான். வலப்பக்கம் முந்நூறு அடிப் பள்ளம்.

 

தண்ணீரும் உப்பும் கொடுத்து, ஒரு மணி நேரம் படுக்க வைத்து, அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். அன்று யாரும் உச்சியைப் பார்க்கவில்லை.

“எப்படித் தெரிஞ்சது?” என்று கீழே வந்ததும் கேட்டார் அறவாழி.

“குதிகால் விழல. ரொம்ப நேரமா விரலாலதான் நடந்தாரு.”



அன்றிலிருந்து அறவாழி மாரிக்கண்ணுவுக்கு அடுத்ததாக நடந்து, பின்னால் வரும் காலடிகளைக் காதால் கேட்கத் தொடங்கினார்.

ஊன்றுகோல்கள் பாறையில் டக் டக்கென்று சத்தம் போட்டன. அவற்றை வீட்டில் வைத்துவிட்டார். பிறகு கடிகாரத்தையும்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் கண்ணை மூடியபடி சொன்னார், “மூணாவதா வர்றவங்களுக்கு ஷூ கடிக்குது.”

சரியாக இருந்தது.

ஏழாம் மாதம் சொன்னார், “கடைசி ஆள் தண்ணி குடிக்கவே இல்ல. பாட்டில் குலுங்குற சத்தம் காலைலேருந்து மாறவே இல்ல.”

அதுவும் சரி.

அன்று மாரிக்கண்ணு தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.



ஐம்பது முடிய ஆறு நாள் இருந்தபோது, கேட் அருகே மாரிக்கண்ணு மட்டும் நின்றிருந்தார். தலையில் யாரோ விட்டுப்போன பூப்போட்ட தொப்பி. கழுத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

“ஆளுங்க எங்கே?” என்றார் அறவாழி.

“நான்தான் ஆளு. இன்னிக்கு நான் டூரிஸ்ட். உச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.”



“கையெழுத்துப் போடுற பேப்பர் கொண்டு வந்திருக்கீங்களா?”

மாரிக்கண்ணு தோள்பையைத் தட்டிக் காட்டினார்.

“மேல போய்ப் பேசிக்கலாம்.”

அறவாழி முன்னால் நடந்தார். ஒன்பது மாதத்தில் முதல்முறை அவர் முன்னால் யாருடைய முதுகும் இல்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

“சார், உச்சியில டீக்கடை இருக்குமா?”

“இருக்காது மேடம்.”

“பஜ்ஜியாச்சும்?”

“இருக்காது.”

“அப்புறம் எதுக்கு சார் அவ்வளவு தூரம் போகணும்?”

அறவாழி சிரித்தார். திரும்பவில்லை.

முதல் ஓடைக்குப் பிறகு பின்னால் மூச்சு இரைத்தது. கொல்லன் துருத்திபோல.

“மூச்சு இரைக்குது, கால் இரைக்கலயே. நடிக்காதீங்க” என்றார் அறவாழி.

இரைப்பு நின்றது. ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

இரண்டாவது ஓடையில் காலடியின் எடை மாறியது.

“பையை வலது தோளுக்கு மாத்தியிருக்கீங்க. உள்ளே ரெண்டு கல்லும் போட்டிருக்கீங்க.”

“மூணு” என்றது குரல். கற்கள் ஒவ்வொன்றாக ஓடையில் விழும் சத்தம் கேட்டது.

காட்டுமாடுகள் மேயும் புல்வெளியில் பின்னால் சத்தமே இல்லை. அறவாழி பத்தடி நடந்து நின்றார்.

“நீங்க நின்னுட்டீங்க. மேடம், வழியில தனியா நிக்கக் கூடாது.”

“போட்டோ எடுத்தேன் சார், கோச்சுக்காதீங்க!”

மூன்றையும் பிடித்துவிட்டோம் என்று அறவாழிக்குள் ஒரு குதியாட்டம்.

அடுத்து ஈத்தைக் காடு வந்தது. மெல்லிய மூங்கில் போன்ற ஈத்தை, பாதையின் இருபுறமும் ஆள் உயரம். பாதையை மறிப்பதைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிடுவார்கள். சீவிய அடிக்கட்டைகள் சருகுக்குள் ஊசி ஊசியாக நிற்கும். பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

பாதித் தூரத்தில் பின்னால் “ம்” என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான்.

பிறகு காலடி தொடர்ந்தது. வலது கால் முழுதாக விழுந்தது. இடது கால் தொட்டுத் தொட்டு வந்தது.

அறவாழி புன்னகைத்தார்.

“இடது கால். சரியா?”

பின்னால் சருகு ஒருமுறை சரசரத்தது.

“நடங்க அண்ணே” என்றார் மாரிக்கண்ணு.

அறவாழி நடந்தார்.

அதன் பிறகு டீக்கடை பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் அவர் கவனித்தார். வேஷம் இப்போதுதான் முழுசாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் பாறை. கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். முழங்கால் நெஞ்சில் இடிக்கும். இடது கால் இப்போது இழுபட்டு வந்தது. தேய்த்து, நின்று, மீண்டும் தேய்த்து.

“ரொம்ப இழுக்காதீங்க. நம்புற மாதிரி இல்ல” என்று முன்னாலிருந்து கத்தினார்.

காற்று பலமாக இருந்தது. பின்னாலிருந்து பதில் வந்ததா என்று தெரியவில்லை.

வரையாடு ஒன்று பாறை விளிம்பில் நின்று இருவரையும் பார்த்துவிட்டுப் போனது.



உச்சியில் மேகம் அவர்களுக்குக் கீழே இருந்தது. மணி பதினொன்று இருபது.

அறவாழி கைகளை விரித்து நின்றார். பிறகு காலையிலிருந்து முதல்முறையாகத் திரும்பினார்.

“மூச்சு. பை. நின்னது. இடது கால். நாலு!” என்றார். “ஒண்ணுகூட விடல. திரும்பியும் பார்க்கல.”

மாரிக்கண்ணு பாறையில் உட்கார்ந்திருந்தார். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. உதட்டில் பல் பதிந்த தடம்.

இடது ஷூவின் காக்கித் துணி கறுத்திருந்தது.

“அட்டைப்பூச்சி ஏறிடுச்சா?” என்று கேட்டார் அறவாழி. அந்தக் காட்டில் காலில் ரத்தம் பார்ப்பது ஒரு விஷயமே இல்லை.

மாரிக்கண்ணு ஷூவைக் கழற்றினார். இல்லை, கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

ஷூவோடு அதுவும் வந்தது. அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே ஏறி நின்ற ஈத்தைத் துண்டு. சுண்டுவிரல் நீளம்.

பாதத்திலிருந்து ரத்தம் குபுக்கென்று வெளியே வந்து பாறையில் ஓடியது.

அறவாழிக்குக் காது அடைத்தது. காற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“இது…”

குனிந்து அந்த ஈத்தைத் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இது நிஜமா?”

மாரிக்கண்ணு இரண்டு கைகளாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அறவாழி பையைக் கவிழ்த்தார். பிஸ்கட்டும் மழைக்கோட்டும் விசிலும் சிதறின. முதலுதவி டப்பா உருண்டது. திறந்து கட்டுத்துணிச் சுருளை எடுத்தார்.

“அந்த ஈத்தைக் காட்டுலேருந்தா? ரெண்டு மணி நேரமாவா? ஏன் சொல்லல?”

“நீங்கதான் சொன்னீங்களே அண்ணே, இடது கால்னு.”

“நான் நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சேன்!”

மாரிக்கண்ணு தலையசைத்தார்.

“ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? நின்னிருப்பேனே!”

“டூரிஸ்ட் யாரு அண்ணே குரல் கொடுக்குறாங்க?”

அறவாழி எழுந்தார். இரண்டடி போனார். திரும்பி வந்தார். கட்டுத்துணிச் சுருள் இன்னும் கையில் இருந்தது.

“ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம். நீங்க பதினாலு வருஷமா நடக்குற பாதை. அங்கே சீவின ஈத்தைக்கட்டை நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? வேணும்னே மிதிச்சீங்களா?”

மாரிக்கண்ணு அவரையே பார்த்தார்.

“சொல்லுங்க. வேணும்னு மிதிச்சிருந்தா இது சோதனை. தெரியாம மிதிச்சிருந்தா இது சோதனையே இல்ல. அப்ப இந்த நாலாவது கணக்கிலேயே வராது. எது?”

மாரிக்கண்ணு கணுக்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. நான் பார்க்கல. காதால கேளுன்னு சொன்னீங்க. கேட்டேன். எந்தக் கால்னுகூடச் சொன்னேன். இதுல நான் எங்கே தப்பு பண்ணேன்?”

அவர் குரல் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

“இன்னும் ஆறு நாள்தான் இருக்கு, மாரிக்கண்ணு. ஒன்பது மாசம். சொல்லுங்க, நான் தேறினேனா, இல்லையா?”

“அண்ணே,” என்றார் மாரிக்கண்ணு, “ரத்தம் இன்னும் நிக்கல.”