குடத்தில் இல்லாத ஓலை

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! மருதங்காட்டு நாட்டில் ராஜா ஒருவர் ஆண்ட காலத்தில், மூன்று வருஷம் சொட்டு மழை இல்லை. அரண்மனைக் களஞ்சியத்து நெல்லை ஊருக்குப் பங்கிட வேண்டும். யாருக்கு எவ்வளவு? நியாயத்தை எழுதச் சொல்லி விண்ணந்தையார் என்ற பண்டிதரை அழைத்தார் ராஜா.

பண்டிதர் லேசுப்பட்டவர் இல்லை. "நான் பணக்காரனா ஏழையா, உழவனா குயவனா என்பதையே மறந்துவிட்டு எழுதினேன்!" என்று மார்தட்டினார். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத் தலைவனான ஒவ்வொரு ஆணுக்கும், ஒரே அளவு நெல் என்பதே அவர் எழுதிய சட்டம்.

"ஊரார் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டிருக்கிறேன். என் நியாயம் சரிதான் என்று காட்ட, எந்த ஓலை என் கைக்கு வருகிறதோ, அவராக மூன்று நாள் வாழ்ந்து காட்டுகிறேன்!"

சபை ஓரத்தில் சாத்தி என்ற பெண் நின்றாள். புருஷனை இழந்தவள், இரண்டு பெண் குழந்தைகளோடு பட்டினி கிடப்பவள்.

"சாமி, குடத்தில் என் பெயர் இருக்கிறதா?"

"உன் புருஷன் பெயர் இருக்குமே, அம்மா."

"அவர் போய் ஆறு மாசம் ஆச்சு, சாமி."

"உன் அண்ணன் பெயர்?"

"அவருக்கே ஐந்து பிள்ளைகள்."

அட, மகா பண்டிதர் எல்லாவற்றையும் மறந்தார், தாம் ஆண் என்பதை மட்டும் மறக்கவில்லை! ராஜா ஓர் ஓலையில் 'சாத்தி' என்று எழுதி அவர் கையில் கொடுத்தார். சொன்ன சொல்லை மீற முடியுமா?

பட்டாடையைக் கழற்றி வைத்துவிட்டு, பண்டிதர் சாத்தி வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கினார். முதல் நாள் களஞ்சியத்துக்குப் போனார். நெல் அளப்பவன் ஆளைப் பார்க்கவில்லை, ஓலையைப் பார்த்தான். "தலைக்கட்டு இல்லையே" என்று அனுப்பிவிட்டான். இரண்டாம் நாளும் வெறுங்கைதான். மூன்றாம் நாள் சண்டைக்கே போய்விட்டார்.

"தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் சாத்திதானே? பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்கின்றன ஐயா!"

"நான் என்ன செய்ய? எழுதினது யாரோ பெரிய பண்டிதராம். அவரிடம் போய்க் கேளும்!"

அன்று சாத்தி கிடைத்த கீரையை வேகவைத்து நான்கு பங்காக்கினாள். மகள்களுக்கு வைத்த அதே அளவு அவருக்கும் வைத்தாள். பண்டிதர் வெட்கம் தாங்காமல் அழுதேவிட்டார்.

மறுநாள் பழைய சட்டத்தை அவரே கிழித்தார். ஆணோ பெண்ணோ, அவரவர் பெயரில் அவரவர் பங்கு என்று புதிதாக எழுதினார். சாத்தி தன் பெயருக்கும் மகள்கள் பெயருக்கும் நெல் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் யார் தெரியுமா? நாற்பது வருஷமாகப் பண்டிதருக்குச் சோறு பொங்கிப் போட்ட அவர் மனைவி.

பெண்ணை மறந்துவிட்டு எழுதிய நியாயம், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், அநியாயமே.