விரல் மை

"எது உயர்ந்தது அம்மா? உயிருள்ள மருந்தா, செத்த மருந்தா?"

கேட்டுக்கொண்டே டாக்டர் தணிகாசலம் இரண்டு மருந்துக் குளிர்பெட்டிகளையும் மலைக்குடிலில் குருவம்மாவின் முன் இறக்கி வைத்தார். குருவைவிட அவர் மூத்தவர். ஆனாலும் தரையில்தான் உட்கார்ந்தார்.

மேலூரில் ஒரு குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம். அந்த ஊர் ஓடைதான் இங்கும் குடிநீர்.

"சொட்டு மருந்து என்ன செய்யும்?"

"கிருமியை உயிரோடு அடக்கிச் செய்தது. குடலிலேயே காவல் நிற்கும். ஊரில் பரவுவதை நிறுத்தும்."

"ஊசி?"

"கிருமியைக் கொன்று செய்தது. யாருக்கும் அதனால் நோய் வராது. பிள்ளையின் காலைக் காக்கும். ஓடையைக் காக்காது."

"பிறகென்ன? சொட்டைக் கொடுங்கள்."

டாக்டர் சொட்டுப் பெட்டியின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

"சொட்டு குடித்த பிள்ளையின் கையோடு அந்தக் கிருமி கொஞ்சநாள் திரியும். எதிர்ப்பில்லாத உடம்பில் எப்போதாவது அது திமிறிவிடும்."

குருவின் உடம்பில் இருப்பது அக்காள் தந்த சிறுநீரகம். அதைத் தங்கவைக்கும் மாத்திரைகள் அவருடைய எதிர்ப்பைத் தணித்து வைத்திருந்தன.

மாலையில் ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைத் தவிர அவரிடம் யாரும் வருவதில்லை.

"ஊசி என்றால் இன்றைக்கே பிள்ளைகள் உங்களிடம் வரலாம், அம்மா."

"இதைச் சொல்லத்தான் இரண்டு பெட்டியோடு மலையேறினீர்களா, டாக்டரே? முதுகு என்ன ஆவது?"

"ஆமாம்" என்றார் அவர். எதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை.

குரு சொட்டுப் பெட்டியை ஊர்ப் பக்கம் நகர்த்தினார். ஊசிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"உங்கள் உடம்பில் இது அரைகுறையாகத்தான் பிடிக்கும்."

"தெரியும்."

ஊசி போட்டு முடிந்ததும் குரு எழுந்தார். வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து, தன் வாசலில் செருகினார்.

"அம்மை கண்ட வீட்டுக்கல்லவா அது? இங்கே யாருக்கு அம்மை?"

"பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி என்றால் புரியுமா? இது புரியும்."

மாலையில் பிள்ளைகள் வந்தார்கள். சொட்டு குடித்த அடையாளமாக எல்லோர் சுண்டுவிரலிலும் மை. வேப்பிலையைக் கண்டு நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

பொம்மி மட்டும் போகவில்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வேப்பிலையை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, எப்ப தண்ணி ஊத்துவாங்க?"

உள்ளிருந்து குருவின் குரல் வந்தது.

"உன் விரல் மை அழியட்டும், கண்ணு."

பொம்மி வேலியோரம் உட்கார்ந்தாள். சுண்டுவிரலைக் கல்லில் தேய்க்கத் தொடங்கினாள்.