இந்த வண்டியில் சென்சார் இல்லை

கிர்ர்ர்... டொக். கிர்ர்ர்... டொக்.

ராத்திரி எட்டே முக்கால் இருக்கும். கரண்டு போயிருந்தது. மூன்றாம் மாடியில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த வினோலியாவுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் தட்டுகிற கை நின்றுவிட்டது. பூனை இப்படிக் கத்தாது. தண்ணி மோட்டார் இப்படி ஓடாது, அதுவும் கரண்டு இல்லாதபோது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் யாரோ இரும்பைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

வினோலியா பயந்த சுபாவம். புருஷன் கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவனுக்கே மறுநாள்தான் தெரியும். பத்து மாதப் பிள்ளை ரூபனுக்கு அடிக்கடி நெஞ்சில் இழுப்பு வரும். "இழுத்துச்சுன்னா நேரம் பாக்காம தூக்கிட்டு வந்திரணும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்காகவே கீழே ஒரு கார் நின்றது. அதற்காகவே அவள் நடுங்கி நடுங்கிக் கார் ஓட்டப் படித்திருந்தாள். ஆகவே கீழே எவனாவது இரும்பைத் திருகினால், இவளால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சங்கத் தலைவர் ஆவுடையப்பனுக்குப் போன் போட்டாள். பாளையங்கோட்டையில் இருந்த அந்தப் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்புக்கு அவர் ஒன்பது வருஷமாகத் தலைவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்று பேர் வாங்கியவர். அது ஒன்றுதான் அவரிடம் குறை.

"பயப்படாத தாயி. வாச்மேன் கொம்பையா அங்கனதான் இருக்கான். கேட்டுச் சொல்லுதேன்."

ஐந்து நிமிஷத்தில் பதிலும் வந்தது. "கேட்டுட்டேன். சத்தத்துக்குப் பக்கத்துலதான் நிக்கானாம். நீ நிம்மதியா உறங்கு."

விடிந்து பார்த்தால் தலைவரின் காரிலும் செயலாளர் குற்றாலிங்கத்தின் காரிலும் சென்சாரைக் காணோம். இஞ்சின் பக்கத்தில் மாட்டியிருக்கும் கையகலச் சாமான்தான். ஆனால் புதுசு வாங்க வேண்டுமென்றால் வீட்டம்மாவின் கழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உள்ளே சிவப்பாய் ஒரு விளக்கு மட்டும் எரியும், கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி.

கொம்பையாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"ஏல, களவாங்குனதை நீ பாத்தியா?" என்றார் தலைவர்.

"பாத்தேனே அண்ணாச்சி. ரெண்டு பேரு. ஒருத்தன் நல்ல சேப்பு."

"பாத்துட்டுச் சும்மாவால இருந்த?"

"சும்மா எங்க இருந்தேன்? கரண்டு இல்லைல்லா. டார்ச்சு நான்தான் பிடிச்சேன்."

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். கொம்பையாவுக்கோ மனத்தாங்கல். "வண்டிய எவனும் கொண்டுட்டுப் போயிராமப் பாத்துக்கோலன்னு நீங்கதான சொன்னீக? எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஒண்ணு குறைஞ்சா என்ன ஏன்னு கேளுங்க."

எல்லாருமாகப் போய் எண்ணினார்கள். பன்னிரண்டு வண்டியும் நின்றன. மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் பன்னிரண்டு. கொம்பையா மேல் குற்றமில்லை என்று குற்றாலிங்கம் சங்க நோட்டில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

மத்தியானம் போலீஸ் ஏட்டையா வந்தார். சுற்றிப் பார்த்தார். டீ குடித்தார். போகிறபோது ஒரு வார்த்தை சொன்னார்: "விலை கூடின சாமானை வண்டியில விட்டுட்டுப் போகாதீங்க. எடுத்து வந்து ரூமுல பத்திரமா வைங்க." அவர் மனசில் இருந்தது கைப்பையும் லேப்டாப்பும். யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிய நியாயமில்லை.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம்.

"வண்டியில விலை கூடின சாமான் எது?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"சென்சார்தான். அதான களவு போச்சு. விலை இல்லாததை எவன் களவாங்குவான்?" என்றார் குற்றாலிங்கம்.

முதல் மாடிச் செண்பகவல்லி கையைத் தூக்கினாள். "அப்படிப் பாத்தா இஞ்சின் அதைவிட விலை கூட இல்லையா அண்ணாச்சி?"

இந்தப் பக்கம் யாருக்கும் யோசனை போகவில்லை.

"மைனி சொல்லுதது ஞாயம்தான். இஞ்சினையும் கழத்திரணும்," என்றார் தலைவர்.

"பன்னிரண்டு இஞ்சின் வைக்க ரூமு பத்தாதே அண்ணாச்சி."

"அப்ப முதல்ல சென்சாரை எடுப்போம். இஞ்சினை அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்."

வினோலியா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளையை உறங்க வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசி ஏதாவது நல்லது செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். படித்த பிள்ளை, இப்படியும் நினைத்தாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் சேவியர் வந்தார். கார் நிற்கும் இடம் அங்கே நெருக்கடி. ஒரு வண்டியை எடுக்க மூன்று வண்டியை நகர்த்த வேண்டும். அதனால் எல்லார் வண்டிக்கும் ஒரு மாற்றுச் சாவி கொம்பையாவிடம்தான் கிடக்கும். வேலைக்குத் தடையே இல்லை.

"அண்ணாச்சி, களவு போயிரக் கூடாதுன்னு நாமளே கழத்துதோம். அப்படித்தான?" என்று சேவியர் ஒரு தரம் கேட்டார்.

"ஆமா. கள்ளன்னா வயரைப் பிய்ச்சு எறிஞ்சிருவான். நீ பதமா கழத்துவல்லா?"

சேவியருக்கு இருபது வருஷ அனுபவம். கூலி கொடுக்கிறவரிடம் இரண்டாம் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் அந்த அனுபவம். மீதமிருந்த பத்து வண்டியிலும் பதமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமான்களைச் சங்க அறையில் அடுக்கும் பொறுப்பைச் செண்பகவல்லி ஏற்றுக்கொண்டாள். வருஷா வருஷம் கொலு வைத்த கை. மூன்று படி கட்டினாள். வெள்ளை வேட்டி விரித்தாள். விலை கூடினது மேல் படி, மட்டமானது கீழ்ப் படி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வீட்டு நம்பர், சொந்தக்காரர் பேர், உத்தேச விலை எழுதிய அட்டை. பார்க்க வந்தவர்களுக்குச் சுண்டலும் கொடுத்தாள்.

அறையைப் பூட்டிய பிறகுதான் குற்றாலிங்கத்துக்கு ஒரு கவலை வந்தது. "அண்ணாச்சி, இங்கன இருக்கது நமக்குத் தெரியும். கள்ளனுக்குத் தெரியாதே? அவன் பாட்டுக்கு வந்து வெறும் வண்டியக் கிண்டி, பெயிண்டைக் கீறிட்டுப் போயிட்டான்னா?"

"கெட்டிக்காரன்லா நீரு!" என்று தலைவர் அவர் முதுகில் தட்டினார்.

ராத்திரியோடு ராத்திரியாக எல்லா வண்டிக் கண்ணாடியிலும் தாள் ஒட்டினார்கள்: *இந்த வண்டியில் சென்சார் இல்லை. சங்க அறையில் பத்திரமாக உள்ளது. அருள்கூர்ந்து பெயிண்டைக் கீற வேண்டாம்.* கீழே ஒரு அம்புக்குறி. விவரம் முழுசாக இருக்க வேண்டும் அல்லவா?

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் ரூபனுக்கு இழுத்தது. வினோலியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி திருகினாள். சிவப்பு விளக்கு. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை உட்பக்கமிருந்து இடவலம் மாற்றி வாசிக்கிற பொறுமை அவளுக்கு இல்லை. தெருவுக்கு ஓடினாள். முகம் தெரியாத ஒரு ஆட்டோக்காரர், சிக்னல் எதையும் மதிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளை மூச்சு விட்டது. இவளுக்கு மூச்சு வர மறுநாள் மத்தியானம் ஆயிற்று.

கண்ணாடித் தாளை வாசித்து, சங்க அறை ஜன்னல் வழியே நடுப் படியில் தன் பேர் அட்டையையும் பார்த்துவிட்டு, நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். செண்பகவல்லியும் அங்கேதான் இருந்தாள்.

"அண்ணாச்சி, என் வண்டிச் சாமானைக் குடுத்திருங்க. பிள்ளைக்கு மறுபடியும் இழுத்தா நான் எங்க போவேன்?"

"உன் சாமானை உனக்குக் குடுக்காம இருப்பமா தாயி? சரி, வாங்கிட்டுப் போயி எங்க வைப்ப?"

"வண்டியிலதான்."

"பாத்தியா! வண்டியில வைக்கக் கூடாதுன்னு போலீசே சொல்லிட்டுப் போயிருக்கு."

வினோலியாவுக்கு அழுகை வந்தது. அவர் மனசு இளகிவிட்டது. "அழாத. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வச்சுப் பேசி முடிச்சுருவோம்."

"அதுக்குள்ள இழுப்பு வந்தா?"

செண்பகவல்லி பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். "ரெண்டு நாளுதான. பொறுத்துக்கிடுவான். என்னடா ராசா?"

ராசா அதற்குச் சம்மதம் சொன்னதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி. சாப்பாட்டு நேரம் தாண்டவில்லை. வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வினோலியாவின் காதில் மட்டும் அது விழுந்தது. கர்ரக்... கர்ரக்... இந்தத் தடவை அறுக்கிற சத்தம். சங்க அறைப் பக்கமிருந்து. அப்புறம் கம்பி விழுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பயந்தவள்தான். ஆனாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாய்த் தட்டிக்கொண்டே இறங்கினாள். சங்க அறை வாசலில் தலைவர், செயலாளர், செண்பகவல்லி, கொம்பையா நாலு பேரும் கூடிவிட்டார்கள்.

"கள்ளன் வந்துட்டான் அண்ணாச்சி! பின் ஜன்னலை அறுத்துட்டான்!" என்றாள் வினோலியா.

தலைவர் உடனே ஏட்டையாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் வாய் நிறையச் சோறு. "வாரேன், வாரேன். அதுவரைக்கும் எல்லாக் கதவையும் உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கிடுங்க."

தலைவர் போனை வைத்தார். சங்க அறைக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். முகம் வாடியது.

"குத்தாலம், இது வெளிப்பக்கம்லா பூட்டிருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. தப்பா இருக்கு."

"கழத்தும்."

"அண்ணாச்சி, வேண்டாம்!" என்று வினோலியா கத்துவதற்குள் குற்றாலிங்கம் பூட்டைத் திறந்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும். நாலு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேரும் வெளியே நின்றார்கள்.

"நான் உள்ள போயித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்திருதேன்," என்றான் கொம்பையா.

"எப்படில வருவ? திறந்தாத்தான வர முடியும்?"

"திறந்துட்டு வருவேன்."

"அப்பத் திறந்துல்லா கிடக்கும்?"

"மறுபடியும் உள்ள போயிப் போடுவேன்."

தலைவர் யோசித்தார். "அப்ப விடிய விடியப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

"ரெண்டு பேரா மாத்தி மாத்திப் பாத்தா முடியும்," என்றார் குற்றாலிங்கம்.

"வேலைக்கு ஆளு கூடுதலாப் போடணும். அதுக்கும் கூட்டத்துலதான் கேக்கணும்," என்றாள் செண்பகவல்லி.

இவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்க, இடுப்பில் ரூபன் இரண்டு தரம் இருமினான். அந்த இருமல் வினோலியாவுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் எது வரும் என்றும் தெரியும். கதவை விரலிடுக்களவு தள்ளினாள்.

உள்ளே கொலுவுக்கு முன்னால் ஒருவன் சாக்குப்பையோடு நின்றான். நல்ல சிவப்பு. வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு அட்டை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். ரூபன் மூன்றாம் தரம் இருமினான்.

"அண்ணே," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பத்தாம் நம்பர் வீட்டுச் சாமானை மட்டும் குடுத்திருங்கண்ணே. பிள்ளைக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டி வேணும்."

டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவன் கேட்டான்: "எந்தப் படி?"

"நடுப் படி. வினோலியான்னு போட்டிருக்கும்."

ஒரு கை இடுக்கு வழியாக வந்தது. கையில் சென்சார். அட்டையையும் சேர்த்தே கொடுத்தான். "மாட்டத் தெரியுமா? நீல வயரு வலப்பக்கம் வரணும். கிளிப்பு சத்தம் கேக்க வரைக்கும் அமுக்குங்க. வண்டியில ஏறுனதும் பிள்ளையைச் சாச்சுப் படுக்கப் போடாதீங்க, நிமுத்தி உக்கார வைங்க."

அந்த வாரம் பூராவும் அவளோடு புத்தியாகப் பேசிய முதல் ஆள் அவன்தான்.

சென்சாரை மாரோடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். தலைவர் வழி மறித்தார்.

"தாயி, உள்ள ஆளு இருக்காரா?"

"கள்ளன் அண்ணாச்சி! பிடிங்க! அவன்தான் கள்ளன்!"

ஆவுடையப்பனின் முகம் பௌர்ணமியாகிவிட்டது. "சொல்லவே இல்லியே! ஆளு இல்லைன்னுதான இம்புட்டு நேரமும் மண்டைய உடைச்சோம்?"

"அண்ணாச்சி, அவன் கள்ளன்!"

"தெரியுது தாயி. தாழ்ப்பாள் எதுக்கு? கள்ளன் உள்ள வந்திரக் கூடாதுன்னுதான? இவரு ஏற்கெனவே உள்ளதான் இருக்காரு. இனிம எப்படி உள்ள வர முடியும்?"

குற்றாலிங்கம் கண் கலங்கித் தலைவரைப் பார்த்தார். இதற்கு மேல் நின்று பேச வினோலியாவுக்கு நேரமில்லை. பிள்ளையோடும் சென்சாரோடும் கார் நிற்குமிடத்துக்கு ஓடினாள். பானெட்டைத் திறந்து நீல வயரை வலப்பக்கம் வைத்தாள். கிளிப் சத்தம் கேட்கிறவரை அமுக்கினாள். ரூபனை நிமிர்த்தி உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு அணைந்தது, வண்டி உறுமியது. கேட்டைத் தாண்டுகிறபோது அவள் காதில் விழுந்தது, தலைவர் சங்க அறைக் கதவில் வாயை வைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது:

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீக. ஒரு சின்ன உபகாரம். அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் போட்டுருதீகளா?"

"மேல உள்ளதையா, கீழ உள்ளதையா?"

"ரெண்டையும் போட்டுருங்க தம்பி. காலம் கெட்டுக் கிடக்கு."

மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.