மேனேஜர் கடித்த கதவு

ஈரோட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் வீட்டில் அடைக்கலம், பரஞ்சோதி, தணிகாசலம் என்று மூன்று பேர் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மூவருக்கும் ஒரே ஜவுளிக் கிடங்கில் வேலை. ஆண்டவன் மூவருக்கும் சேர்த்து ஒரே மூளையைக் கொடுத்திருந்தான். அதையும் அவர்கள் பொட்டலம் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கூடவே ஒரு நாயும் இருந்தது. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் பார்த்து உறுமியதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அதன்மேல் மூவருக்கும் உயிர். தங்களுக்கு வாங்கிய பரோட்டாவில் நடுப்பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டு ஓரத்தைத் தின்பார்கள்.

ஒருநாள் மூவரும் வேலைக்குப் போயிருந்தபோது, மேனேஜர் வாசல் கதவின் அடிப்பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. பூனை புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை.

"ஓனர்கிட்ட மறைச்சரலாமா?" என்றான் தணிகாசலம்.

"மறைக்கறது தப்புடா," என்றான் அடைக்கலம். மூவரில் அவன்தான் மூத்தவன் என்பதால் எந்தத் தவறையும் முதலில் செய்யும் உரிமை அவனுக்கே இருந்தது. வீட்டுக்காரர் மாசிலாமணிக்கு அவனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

மாசிலாமணி நல்ல மனிதர். ரத்தக் கொதிப்பு வேறு. "சரி, வாயில்லாத சீவன், போச்சாது வுடுங்க," என்றார். "ஞாயித்துக்கிழமை நான் வர்றப்ப கதவுக்குக் கீழ ஒரு பல்லுத் தடம் இருக்கக் கூடாது. அதுவரைக்கும் நாயிய நல்லா கெட்டியானதுல கட்டிப் போடுங்க. ஒரு ஆளு கண்ணெடுக்காமப் பாத்துக்கோணும். இன்னொருக்கா கடிச்சுதுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன், ஆமா!"

மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கீழ தடம் இருக்கக் கூடாதுங்கறாரு. மேல இருந்தா?" என்றான் பரஞ்சோதி.

"மேலயப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியே."

அவ்வளவுதான். திருப்புளியை இரவல் வாங்கி, கதவைக் கழற்றி, தலைகீழாகப் புரட்டி மாட்டிவிட்டார்கள். கடிபட்ட பக்கம் உச்சிக்குப் போயிற்று. கீழே பார்த்தால் கதவு புதுசு போல இருந்தது. உள்தாழ்ப்பாள் மட்டும் வெளியே வந்துவிட்டது. அதனால் தினமும் படுக்கப் போகும்போது ஒருவன் வெளியே நின்று தாழ் போட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். முறை வைத்துக்கொண்டதால் இதில் சண்டை வரவில்லை.

அடுத்து நாயைக் கட்ட வேண்டும். வீட்டில் எது கெட்டியானது என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்கள். பீரோ ஆடியது, கட்டில் ஆடியது, ஜன்னல் கம்பி ஆடியது. இப்போதுதான் திருகி மாட்டிய கதவு மட்டும் ஆடவில்லை. மேனேஜரைக் கதவிலேயே கட்டினார்கள். பரஞ்சோதி லீவு போட்டுவிட்டு அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி வந்தார். கதவின் கீழே பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார்.

"ஏப்பா, நாயி அத்தனை உசரத்துல எப்படிப்பா கடிச்சுது?"

"அது மேல கடிக்கலீங்க. கீழ கடிச்சதைத்தான் நாங்க மேல வெச்சிருக்கறமுங்க," என்றான் அடைக்கலம்.

"அப்ப கீழயும் கடிச்சிருக்குதே?"

"அது முன்னால மேல இருந்ததுங்க."

மாசிலாமணியின் காது சிவந்தது. "கண்ணெடுக்காமப் பாத்துக்கச் சொன்னனே! எவன் பாத்தான்?"

"நாந்தானுங்க," என்று முன்னால் வந்தான் பரஞ்சோதி. "மொத வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் பாத்தனுங்க. இமைகூடக் கொட்டலீங்க." சொல்லும்போதே பெருமையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாசிலாமணி படியில் உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

"இதா பாருங்க. இந்த வூட்டுல ஒண்ணு நாயி இருக்கோணும், இல்லாட்டி நீங்க இருக்கோணும். பொழுது சாயறதுக்குள்ள முடிவு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார்.

வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் மட்டும் கதவின் மிச்சத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

"நம்மள வுட்டா மேனேஜருக்கு இந்த ஊர்ல யாருடா இருக்கறாங்க?" என்று விசும்பினான் தணிகாசலம்.

"வேற வூடு தேடறதுன்னா நாம போயிக் கேக்கலாம்," என்றான் அடைக்கலம். "அது போயிக் கேட்டா எவன் குடுப்பான்? கல்யாணம் ஆகாதவங்களுக்கு வூடு இல்லைம்பாங்க."

அந்த நியாயத்தை மறுக்க யாராலும் முடியவில்லை. பாய், தலையணை, ஸ்டவ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூவரும் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் குடிபோனார்கள். போகும் முன் மேனேஜருக்குச் சோறு வைத்தார்கள். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, மோட்டார் எப்போது போட வேண்டும், எந்தக் குழாய் ஒழுகும் என்று வீட்டையெல்லாம் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வெளியே வந்து தாழ் போட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. உள்ளே முதலில் ஊளை கேட்டது. பிறகு மரம் பிளக்கும் சத்தம். கதவின் கீழிருந்து சிராய் சிராயாக வெளியே வந்து விழுந்தது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் மாசிலாமணி நல்ல மனிதர், அவர் சொத்து கண்ணெதிரே அழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. அடைக்கலம் போனை எடுத்தான்.

"சார், நீங்க புதுசாக் குடிவெச்சிருக்கற ஆளு சரியில்லீங்க. வந்த அன்னைக்கே கதவைக் கடிச்சுத் தின்னுட்டு இருக்கறாரு. கொஞ்சம் வந்து கண்டிச்சு வைங்க. நாங்க குடியிருந்த வரைக்கும், எங்கள்ல ஒருத்தராவது அதை ஒரு வாய் கடிச்சிருப்பமுங்களா?"